நூறு நாள் வேலைக் கூலியும் கட்டணமில்லா பஸ்ஸும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

தமிழ்நாட்டுக் கிராமத்தில் குடியிருக்கும் ஒரு பெண் அரசிடமிருந்து பெறுகிற உதவிகளில் இரண்டு அன்றாடம் கைக்கு எட்டுபவை. ஒன்று டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போவது. இன்னொன்று நூறு நாள் வேலை, அதாவது ஊரக வேலை உறுதித் திட்டம். முதலாவதுக்கு எந்தத் தாளும் வேண்டாம். இரண்டாவது முழுக்க முழுக்கத் தாள்தான். அட்டை, கோரிக்கை, வருகைப் பதிவு, ஆதார், வங்கி என்று ஐந்து இடத்திலும் பெயர் சரியாக உட்கார்ந்தால்தான் பணம் வரும். அதனால் பஸ்ஸைச் சீக்கிரம் முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம்.

பஸ்ஸில் ஏறும்போது

2021 மே 8 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதற்கு விடியல் பயணம் என்று பெயர். வயது, வருமானம், ரேஷன் கார்டு, சொந்த ஊர் எதையும் கேட்க மாட்டார்கள். பீகாரிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த பெண்ணும் அப்படியே ஏறலாம். பக்கத்து மாநிலத்தில் கதை வேறு. கர்நாடகத்தின் சக்தி திட்டத்துக்கு அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு போய்வரும் பெண்கள் அத்திப்பள்ளி தாண்டியதும் டிக்கெட்டுக்குச் சில்லறை வைத்திருக்க வேண்டும்.

திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே பஸ்களில் இதே சலுகை உண்டு. மாற்றுத்திறனாளியோடு உதவிக்கு ஒருவர் போகலாம், அவருக்கும் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் நகரப் பேருந்து என்று தனியாக இல்லாததால், அங்கே சாதாரண பஸ்ஸில் 35 கிலோமீட்டர் வரை இந்தச் சலுகை விரிவுபடுத்தப்பட்டது.

சிக்கல் வருவது பஸ்ஸை அடையாளம் காண்பதில்தான். ஒரே வழித்தட எண்ணில் சாதாரண பஸ்ஸும் ஓடும், விரைவு பஸ்ஸும் ஓடும், டீலக்ஸும் ஓடும். முதலாவதில் மட்டும்தான் சலுகை. முன்கண்ணாடியில் மகளிர் கட்டணமில்லாப் பயணம் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் 2022 முதல் இந்த பஸ்களின் முன்பக்கமும் பின்பக்கமும் பிங்க் நிறம் அடித்திருக்கிறார்கள், தூரத்திலேயே தெரியும். ஏ.சி. பஸ், ஊர் விட்டு ஊர் போகும் புறநகர் பஸ், தனியார் டவுன் பஸ், தனியார் மினி பஸ் எதிலும் சலுகை கிடையாது. கோவை, ஈரோடு பக்கம் தனியார் டவுன் பஸ் அதிகம். அரசு பஸ் என்று நினைத்து ஏறிவிட்டு நடத்துநரோடு வாக்குவாதம் செய்வது அங்கே தினசரிக் காட்சி.

ஏறியதும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும் வரை கையில் வைத்திருங்கள். காசு கொடுக்கவில்லையே, டிக்கெட் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பரிசோதகர் ஏறினால் தலையையும் டிக்கெட்டையும்தான் எண்ணுவார். கணக்கு இடித்தால் நடத்துநருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். கூட வரும் குழந்தைக்கு ஐந்து வயது முடியாவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஏழு வயதுப் பையன் என்றால் அரை டிக்கெட் எடுத்தாக வேண்டும், அம்மாவின் சலுகை பையனுக்கு ஒட்டிக்கொள்ளாது.

சென்னையில் குடியிருக்கும் 60 வயது கடந்த ஆண்களும் கேட்கலாம். மாநகரப் போக்குவரத்துக் கழகம் மூத்த குடிமக்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் தருகிறது. ஆறு மாதத்துக்கானதை மொத்தமாகக் கொடுப்பார்கள். குடும்ப அட்டை, வயதுச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் அளவு கலர் போட்டோ எடுத்துக்கொண்டு பணிமனை அல்லது பெரிய பஸ் நிலையத்தில் கேளுங்கள். கையைக் காட்டியும் பஸ் நிற்காமல் போனால் பஸ்ஸின் பதிவு எண், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 149க்கு அழையுங்கள். எண் இல்லாமல் சொல்கிற புகார் எந்தப் பணிமனைக்கும் போய்ச் சேராது.

வேலை அட்டை

முதலில் நீங்கள் இருக்கும் இடம் கிராம ஊராட்சிதானா என்று பாருங்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இந்த வேலை கிடையாது. ஊராட்சிகளை நகராட்சியோடும் மாநகராட்சியோடும் சேர்ப்பதாக 2025 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தபோது ஊர் ஊராக மக்கள் திரண்டு எதிர்த்ததற்கு ஒரு பெரிய காரணம், இந்த வேலை போய்விடும் என்பது.

18 வயது நிறைந்து, உடலுழைப்புக்கு முன்வரும் யாரும் பதிவு செய்யலாம். அட்டை ஆளுக்கு ஒன்று அல்ல, குடும்பத்துக்கு ஒன்று. நூறு நாளும் குடும்பத்துக்குத்தான் (2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டத்தில் இது 125 நாள், அதைப் பற்றிக் கடைசியில்). கணவர் 40 நாள், மனைவி 60 நாள் போனால் அந்த நிதியாண்டுக்குத் தீர்ந்தது. ஏப்ரல் 1 அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஊராட்சி அலுவலகத்தில் படிவம் இருக்கும், இல்லையென்றால் வெள்ளைத்தாள் போதும். 18 வயது நிறைந்த ஒவ்வொருவரின் பெயர், வயது, ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்க நகல் இணைக்க வேண்டும். 15 நாளில் அட்டை தர வேண்டும் என்பது விதி. அட்டைக்கும் அதில் ஒட்டும் போட்டோவுக்கும் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. மாற்றுத்திறனாளி என்றால் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருக்கிறது. பதிவில் இல்லாவிட்டால் களத்தில் வாய் வார்த்தையாகக் கேட்டு அதைப் பெறுவது கடினம்.

கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கும். பிறந்த வீட்டு அட்டையில் பெயரும் ஆதாரும் இருக்கும் வரை புகுந்த வீட்டு அட்டையில் கணினி ஏற்றுக்கொள்ளாது. ஒரே ஆதார் இரண்டு அட்டையில் இருக்க முடியாது. பிறந்த ஊர் ஊராட்சியில் பெயர் நீக்கக் கடிதம் கொடுத்து, அது வட்டார வளர்ச்சி அலுவலகத்துக் கணினியில் நீக்கப்பட்ட பிறகே இங்கே சேர்க்கலாம். அட்டையில் பேனாவால் அடித்துக் கொடுத்தால் போதாது. வரிசை மாறினால் இரண்டு ஒன்றியத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும்.

எழுத்துப்பூர்வமாக வேலை கேட்பது

பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். நம் ஊர்களில் பணித்தளப் பொறுப்பாளரோ பணி ஒருங்கிணைப்பாளரோ நாளைக்கு வேலை இருக்கு, வாங்க என்று சொல்வார், போவோம். சொல்லாவிட்டால் வீட்டில் இருப்போம். சட்டப்படி இது தலைகீழ். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலையைக் கேட்கும் உரிமையாக எழுதியது. நீங்கள் கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கு, அதற்குப் பிறகு குறைந்தது பாதி. தமிழ்நாட்டில் 2025-26 கூலி நாளுக்கு 336 ரூபாய் என்பதால் அது 84 ரூபாயும் 168 ரூபாயும் ஆகிறது.

கேட்டதற்குத் தேதி போட்ட சாட்சி இல்லாவிட்டால் அந்த 15 நாளை எங்கிருந்து எண்ணுவது? ஆகவே இப்படி எழுதுங்கள்:

“மேற்கண்ட வேலை அட்டையில் பதிவாகியுள்ள நான், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தொடர்ச்சியாக 14 நாட்களுக்கு வேலை கோருகிறேன். இக்கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

மேலே பெயரும் அட்டை எண்ணும். கீழே கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைவர் இல்லை, தனி அலுவலர்தான் பொறுப்பு என்று தட்டிக் கழித்தாலும் பரவாயில்லை. ஊராட்சி செயலரிடம் கொடுக்கலாம், வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் பலன் அதிகம். தனி ஒருத்திக்காக வேலை தொடங்க மாட்டார்கள், குழுவுக்குத் தொடங்குவார்கள்.

வேலைத்தளத்தில்

குளம் தூர்வாருவது, வரத்துக்கால் சீரமைப்பது, வரப்புப் போடுவது, மரக்கன்று நடுவது என்று எதுவானாலும் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

வருகைப் பதிவேட்டில், அதாவது மஸ்டர் ரோலில், உங்கள் பெயர் முன்கூட்டியே அச்சாகி வந்திருக்க வேண்டும். அச்சில் பெயர் இல்லாமல் அப்புறம் சேர்த்துக்கிறோம் என்று சொல்லி வேலை வாங்கினால் அந்த நாளுக்குக் கூலி வராது. பெயர் இல்லையென்றால் மண்வெட்டியைத் தொடாமல் வீட்டுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது போட்டோ. 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை குழுப் படத்தோடு வருகை ஏற்ற வேண்டும். காலைப் படத்தில் இருந்துவிட்டு மதியப் படத்தில் இல்லாவிட்டால் அந்த நாளே கேள்விக்குறியாகிவிடும். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் படம் ஏறாமல் நிற்பதும் உண்டு. அன்றைக்கே, வேலைத்தளத்தை விட்டுக் கிளம்புமுன், ஏறியதா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஏறவில்லை என்றால் அவர் உடனே ஒன்றியத்துக்குச் சொல்லி எழுத்தில் பதிய வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது அளவு. 2025-26இன் 336 ரூபாய் என்பது, குறித்த அளவு மண்ணை வெட்டினால் கிடைப்பது. குழுவாக வெட்டிய அளவைப் பொறியாளரோ மேற்பார்வையாளரோ அளந்து எழுதுவார். அளவு குறைந்தால் அத்தனை பேர் கூலியும் குறையும். கூலி குறைவாக வந்தால் யாரோ எடுத்துவிட்டார் என்று முடிவு கட்டுமுன், அளவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி தளத்தில் இருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு உங்களுடையது அல்ல. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் குறைந்தது பாதிக் கூலி உண்டு. தளம் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் பத்து சதவீதம் கூடுதல். ஒவ்வொரு மஸ்டர் ரோல் முடிவிலும் அட்டையில் நாட்களை எழுதி வாங்குங்கள். அட்டை உங்கள் வீட்டில் இருக்க வேண்டியது. பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது மொத்தமாக வாங்கி வைத்திருந்தால், அது பத்திரத்துக்காக அல்ல.

பணம் எங்கே போகிறது

2025-26 கூலிப்படி ஆறு நாள் வேலைக்கு 2,016 ரூபாய். மஸ்டர் ரோல் முடிந்து 15 நாளுக்குள் வர வேண்டும். 16ஆம் நாளிலிருந்து தாமத இழப்பீடு நாளுக்கு 0.05 சதவீதம், அதாவது உங்கள் 2,016 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். ஒரு மாதத் தாமதத்துக்கு முப்பது ரூபாய், அதையும் கேட்டுப் போராடித்தான் வாங்க வேண்டும்.

2024 ஜனவரி 1 முதல் கூலி ஆதார் வழியாக மட்டுமே அனுப்பப்படுகிறது. நீங்கள் பாஸ்புக் நகலில் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் பணம் போவதில்லை. உங்கள் ஆதார் எண்ணுக்குப் பணம் போகிறது. அந்த ஆதார் எந்த வங்கியைக் காட்டுகிறதோ அங்கே விழுகிறது. எந்த வங்கி என்பதை, வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. என்ற நிறுவனத்தின் பட்டியல் தீர்மானிக்கிறது. ஒரு ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வங்கிதான். புதிதாக எந்த வங்கி தன்னை அதில் பதிகிறதோ, பழைய வங்கி நகர்ந்துவிடும்.

கணக்கோடு ஆதாரைச் சேர்ப்பது ஒன்று, என்.பி.சி.ஐ. பட்டியலில் ஏற்றுவது வேறொன்று. வங்கியில் ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா என்று கேட்டால் ஆகியிருக்கிறது என்பார்கள், அது முதலாவதைப் பற்றிய பதில். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: “என்.பி.சி.ஐ. மேப்பிங் இந்தக் கணக்குக்கு ஆக்டிவா இருக்கா?” இல்லையென்றால் அரசு உதவித்தொகை பெறுவதற்கான ஆதார் ஒப்புதல் படிவத்தைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். சில நாள் கழித்து நீங்களே சரிபாருங்கள். ஆதாரோடு கைப்பேசி எண் பதிவாகியிருந்தால் ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போய் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைப் பாருங்கள். வங்கியின் பெயரும், செயல்பாட்டில் இருக்கிறதா என்பதும் வரும்.

காணாமல் போன கூலியைத் தேடினால் பெரும்பாலும் அது மறந்துபோன ஒரு கணக்கில் கிடக்கும். சிம் வாங்கும்போதோ கடையில் ஏதோ ஆஃபர் என்று விரல் வைத்தபோதோ திறந்த பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு, படிப்பு உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு, இப்படி. இது கற்பனை அல்ல. 2017இல் ஏர்டெல் சிம் சரிபார்ப்புக்கு வந்தவர்களின் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டு, கேஸ் மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய விவகாரமானது.

மகளிர் உரிமைத் தொகை போன்று ஆதார் வழி வரும் தொகைகளும் இதே பட்டியலைத்தான் பின்பற்றும். ஒன்று தடம் மாறினால் மற்றதும் மாறும். குறைந்தபட்ச இருப்பு கேட்கிற சேமிப்புக் கணக்கை இதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள், வருவதில் ஒரு பங்கு அபராதமாகப் பிடிபடும். இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், எந்தப் பொதுத்துறை வங்கியும் தரும்.

ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் விரல் வைத்துப் பணம் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அச்சுச் சீட்டு வாங்க வேண்டும். “சரியா பதியலைம்மா, இன்னொரு தடவை வைங்க” என்றால், முதல் முறை தோற்றதற்கான சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

கூலி வரவில்லை என்றால்

முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஊரில் யாருக்குமே வரவில்லை என்றால் அது நிதிப் பிரச்சினை, வங்கிக்கு அலைவது வீண். 2024 கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில் தமிழ்நாடு முழுவதும் கூலி நின்றது. 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கேட்டு 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த மாதங்களில் வங்கி வாசலில் நின்றவர்கள் வெயிலைத்தான் கண்டார்கள்.

அதே மஸ்டர் ரோலில் இருந்த மற்றவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் விவரத்தில். வேலை உறுதித் திட்ட இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கி வேலை அட்டைப் பட்டியலில் உங்கள் எண்ணைத் தொட்டால் நாள் வாரியாக விவரம் வரும். நாட்களே இல்லையா? வருகை ஏறவில்லை, ஊராட்சியில் கேளுங்கள். நாட்கள் இருந்து, பணப் பரிமாற்ற ஆணை எண் இல்லையா? அளவு எழுதவில்லை அல்லது ஒன்றியத்தில் கையொப்பம் ஆகவில்லை. ஆணை எண் இருந்து நிராகரிப்பு என்று இருக்கிறதா? அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். நீண்ட நாள் பயன்படுத்தாமல் கணக்கு முடங்கியிருக்கும், அல்லது வங்கியில் கொடுத்த அடையாள விவரம் (கே.ஒய்.சி.) காலாவதியாகியிருக்கும், அல்லது என்.பி.சி.ஐ. மேப்பிங் நீங்கியிருக்கும். பணம் போய்விட்டது என்று காட்டுகிறதா? மறந்த கணக்கைத் தேடுங்கள்.

ஒன்றியத்தில் தீராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து எண் வாங்கலாம். மாநில அரசின் குறைதீர் எண்ணான 1100க்கும் அழைக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் இந்தத் திட்டத்துக்கென்றே இருக்க வேண்டும், அவருக்கும் எழுதலாம். எங்கே போனாலும் அட்டை எண், மஸ்டர் ரோல் எண், வேலை செய்த தேதிகள் மூன்றும் மனுவின் முதல் பத்தியில் இருக்கட்டும்.

இனி வருவது

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக விக்சித் பாரத் ஜி ராம் ஜி என்ற சட்டத்தை நிறைவேற்றியது. குடும்பத்துக்கு 125 நாள், செலவில் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 40 சதவீதம் ஏற்க வேண்டும், விதைப்பு அறுவடைப் பருவத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்பவை அதன் பெரிய மாற்றங்கள். நாள் கூடியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பது தவறு. நடவு நேரத்தில் நிறுத்தினால் வயல் கூலி இருக்கும் ஊருக்கு வலிக்காது. வானம் பார்த்த பூமியில் அது வெறும் இரண்டு மாத ஓய்வு. உங்கள் ஒன்றியத்தில் எந்த நாட்கள் நிறுத்தம் என்பதை அறிவிப்புப் பலகையில் பார்த்து, மேலே சொன்ன 14 நாள் கோரிக்கையை அதற்கு வெளியே எழுதுங்கள். கேட்பது, 15 நாள் கெடு, ஆதார் வழிப் பணம் மூன்றும் புதிய ஏற்பாட்டிலும் அப்படியே இருக்கின்றன.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரில் எந்த வேலையை எடுப்பது என்பது அங்கேதான் தீர்மானமாக வேண்டும். கூட்டம் முடிந்ததும் கையெழுத்து வாங்க நோட்டை நீட்டுவார்கள். நீங்கள் சொன்ன குளமோ வாய்க்காலோ தீர்மானத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.